நாற்பத்தொன்று, அண்ணனுடைய எண்

என் பட்டறை மேசையில், மூடி தொலைந்துபோன பிஸ்கட் டப்பா ஒன்றில், இரண்டு நம்பர் பஞ்ச் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு விரல் நீளம் இருக்கும். ஒன்றின் நுனியில் நான்கு, இன்னொன்றின் நுனியில் ஒன்று. இரும்பின் மேல் நிறுத்தி, தலையில் சுத்தியலால் ஓர் அடி கொடுத்தால் எண் பதிந்துவிடும். பெரிய இரும்புக் கட்டுமான வேலைகளில், இரும்பும் இரும்பும் சேரும் ஒரு மூட்டில் வெல்டிங் அடித்தவர் யார் என்று பிற்பாடு தெரியவேண்டும் என்பதற்காக, மூட்டுக்குப் பக்கத்திலேயே அவருடைய எண்ணை அடித்து வைப்பார்கள். கம்பெனியில் நாற்பத்தொன்று என்றால் என் அண்ணன். போன ஆடியில் அவன் காரை வாசலில் நிறுத்தி, ஒரு சாக்கு நிறையப் பழைய சாமான்களைக் கொண்டுவந்து இறக்கினான். "எனக்கு எதுக்கு இனிமே, வீட்ல எடத்தத்தான் அடைக்குது. நீதான் கட வச்சிருக்கீல்ல, எதுக்காச்சும் ஒதவும்" என்றான். துருப்பிடித்த இடுக்கி, கைப்பிடி போன சிப்பிங் சுத்தியல், கண்ணாடி உடைந்த முகமூடி. எல்லாவற்றுக்கும் அடியில் இந்த இரண்டும். எதைக் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுத்திருந்தால்கூட அவன் மேல் கொஞ்சம் மரியாதை வந்திருக்கும். தெரியாமல் கொடுத்தான். ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விட்டான்.

எங்களுக்கு ஊர் எரியோடு பக்கம். மழையை நம்பிய கொஞ்சம் நிலம், கடலையும் சோளமும் போடுவோம். அப்பா இறந்த பிறகு அதையும் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா எங்கள் இருவரையும் திண்டுக்கல்லுக்கு அழைத்து வந்தாள். நூல் மில்லில் வேலைக்குப் போனாள். அண்ணன் ஐடிஐ முடித்து, கரூர் ரோட்டில் இருந்த ஓர் இரும்புக் கட்டுமானக் கம்பெனியில் சேர்ந்து, அவர்கள் வைத்த டெஸ்டில் பாஸாகி, இந்த இரண்டு பஞ்சையும் வாங்கி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அம்மா அவற்றைக் கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு முன்னால் ஒரு வெற்றிலையில் வைத்தாள். விழுந்து கும்பிடச் சொன்னாள், நானும் விழுந்து கும்பிட்டேன். அந்த வீட்டில் அதற்கு முன் அப்படி வெற்றிலையில் ஏறியது அப்பாவின் போட்டோ மட்டும்தான்.

எனக்கு இடது கைப் பழக்கம். எங்கள் பக்கம் பீச்சாங்கை என்பார்கள். சொல்லும்போதே முகம் சுளித்துக்கொண்டுதான் சொல்வார்கள். சின்ன வயதில் சோறு தின்னும் நேரத்தில் அம்மா என் இடது கையை முந்தானையோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். அண்ணன் அதற்கென்று நியமிக்கப்பட்ட போலீஸ் மாதிரி. கடைக்காரரிடம் காசை இடது கையால் நீட்டினால் புறங்கையில் ஒரு அடி விழும். பெரியவர் யாராவது கொடுப்பதை இடது கையால் வாங்கினால் வீட்டுக்கு வந்ததும் விழும். "பெரியவுகளுக்குப் பீச்சாங்கைய நீட்டுற, மூதேவி" என்பான். அப்படி அடிபட்டு அடிபட்டுத் தின்பதும் கொடுப்பதும் வாங்குவதும் வலது கைக்கு மாறின. எழுதுவதை மட்டும் யாராலும் மாற்ற முடியவில்லை. பத்தாவது முடித்து, ஐடிஐயில் அண்ணன் படித்த அதே வெல்டர் பிரிவிலேயே சேர்ந்தபோது, அந்த வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். வாத்தியார் வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கும் ஹோல்டரை என் வலது கையில் கொடுத்தார். நான் இடது கைக்கு மாற்றிக்கொண்டேன். மறுபடி மாற்றினார், மறுபடி மாற்றினேன். கடைசியில் "என்னமோ பண்ணித் தொல" என்று போய்விட்டார். என் இடது கையை முதன்முதலாக யாரும் அடிக்காமல் விட்ட இடம் அதுதான்.

ஐடிஐ முடிந்ததும் அண்ணன் வேலை பார்த்த கம்பெனியிலேயே அப்ரண்டிஸாக எடுத்தார்கள். மாதாமாதம் உதவித்தொகை உண்டு. அம்மா அதைச் சம்பளம் என்றுதான் மில்லில் எல்லோரிடமும் சொன்னாள். முதல் மாதத் தொகையில் பேகம்பூரில் ஒரு பாயிடம் சொல்லி என் கை அளவுக்குத் தோல் கையுறை தைத்துக்கொண்டேன். "எடது கைக்கு நல்லா தடிமனா வைங்க பாய், அதுலதான் தீப்பொறி விழும்" என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்து, "நீயாம்மா அடிக்கிற?" என்று கேட்டார். "நான்தான்" என்று சொல்லும்போது ஏற்பட்ட சந்தோஷம் இன்றைக்கும் மறக்கவில்லை. அப்ரண்டிஸுக்கு வேலை என்று பார்த்தால் கேபிள் இழுப்பது, வெல்டிங் மேல் படிந்த கசடு தட்டுவது, இரும்பு தேய்க்கும் கிரைண்டர் பிடிப்பது, இரண்டு இரும்பு நகராமல் இருக்கப் பொட்டுப் பொட்டாக ஒட்டிவைப்பது, அவ்வளவுதான். பாரம் தாங்குகிற மூட்டில் கை வைக்கக்கூடாது. பயிற்சி முடியும்போது டெஸ்ட் வைப்பார்கள், பாஸானால் நிரந்தர வேலையும் ஓர் எண்ணும் கிடைக்கும். எனக்கு வேலையைவிட அந்த எண் மேல்தான் ஆசை. என்ன எண்ணாக இருந்தாலும் சரி. அம்மா அதையும் கழுவி வெற்றிலையில் வைப்பாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருஷம் பைபாஸ் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூரை வேலை நடந்தது. கீழே கல்யாணக் கூடம், மாடியில் பந்திக் கூடம். பந்திக் கூடத்தின் மேல் முழுக்க இரும்புச் சட்டம் போட்டுத் தகடு வேய்வதாக ஏற்பாடு. ஆடிக் காற்று சிறுமலைப் பக்கமிருந்து புழுதியை வாரிக்கொண்டு வந்து சாரத்தை ஆட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், மேலிருந்து அண்ணன் கூப்பிட்டான். மாடிப்படி திரும்புகிற மூலையில் ஒரு மூட்டு. வலது பக்கம் சுவர் இடித்தது. வலது கைக்காரன் எப்படி உடம்பைத் திருப்பினாலும் ஹோல்டர் உள்ளே போகாது. "ஏ புள்ள, ஏறி வா. இந்த மூலைக்கு என் கை போக மாட்டேங்குது. ஓம் பீச்சாங்கைக்கு வசமா இருக்கும், செத்த நேரத்துல முடிச்சிரு" என்றான். ஏறினேன். தலைக்கு மேல் அடிக்கிற வெல்டிங் அது. உருகின இரும்பு கீழே சொட்டாமல் மேலேயே நிற்க வேண்டும், கை கொஞ்சம் தயங்கினாலும் கழுத்துக்குள் வந்து விழும். அடித்து முடித்துக் கசடைத் தட்டியபோது தையல் ஒரே சீராக இருந்தது. அண்ணன் விரலால் தடவிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து இரண்டு பஞ்சையும் எடுத்து என்னிடம் நீட்டினான். "நம்பர் இல்லாட்டி கழிச்சிருவாங்க. அடிச்சு விடு."

அடித்தேன். நான்கு, பக்கத்தில் ஒன்று. என் அண்ணன் எண்ணை என் கையால் அடிப்பது அப்போது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது, பைத்தியக்காரிக்கு.

ஒரு மூலையோடு நிற்கவில்லை. அடுத்த மூலை, அதற்கடுத்த மூலை என்று போய், தலைக்கு மேல் அடிக்க வேண்டிய மூட்டெல்லாம் என்னுடையதாகிவிட்டது. அண்ணனுக்குத் தலைக்கு மேல் அடிக்கிற வேலை என்றைக்குமே சரியாக வராது. கழுத்து வலிக்கிறது என்பான், உண்மையில் பொறிக்குப் பயம். நான் அவனுடைய பழைய முழுக்கைச் சட்டையைச் சுடிதாருக்கு மேல் மாட்டிக்கொண்டு சாரத்தில் மல்லாந்து கிடப்பேன். அவன் பலகையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டு, போர்மேன் வருகிறாரா என்று பார்த்துக்கொள்வான். போர்மேன் தலை தெரிந்தால் ஹோல்டர் அவன் கைக்கு மாறும், கிரைண்டர் என் கைக்கு வரும். சாயங்காலம் கண்ணில் மணல் அள்ளிப் போட்டதுபோல உறுத்தும். அம்மா உருளைக்கிழங்கை வில்லை வில்லையாக நறுக்கிக் கண்ணில் வைப்பாள். இரண்டு வில்லை எனக்கு, இரண்டு அவனுக்கு. என் கண் எரிந்தது, அவனுக்கும் கிழங்கு. அம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. அவளுக்கு நான் கேபிள் இழுக்கிறேன் என்றுதான் தெரியும்.

ஆனாலும் அந்த நாட்கள்தான் என் வாழ்க்கையில் நான் ஆசைப்பட்டு எழுந்த நாட்கள். இதைச் சொல்லாமல் விட்டால் மீதி எல்லாம் பொய்யாகிவிடும். முகமூடிக்குள் உலகம் இருட்டிவிடும், ராடின் நுனியில் ஒரு பொட்டு வெளிச்சம் மட்டும் இருக்கும், அது போகிற போக்கில் கை போகும். மற்ற எந்த இடத்திலும் ஒளித்து வைக்கச் சொன்ன கை, அங்கே மட்டும் ராஜாங்கம் நடத்தியது. ஒரு விஷயம் அப்போதே எனக்குத் தெரியும். வெல்டிங் தையல் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக விழும். வலது கைக்காரர் இடமிருந்து வலமாக இழுப்பார், செதில் ஒரு பக்கம் பார்க்கும். நான் வலமிருந்து இடமாக இழுப்பேன், செதில் எதிர்ப்பக்கம் பார்க்கும். வேலை தெரிந்த எவருக்கும் ஒரு பார்வை போதும். போர்மேனுக்கும் அது போதுமாக இருந்திருக்கும். ஒரு நாள் மூட்டு ஒன்றை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நின்றவர், "நாப்பத்தொண்ணு இப்பல்லாம் நல்லா அடிக்குதே" என்றார். என்னையும் பார்க்கவில்லை, அண்ணனையும் பார்க்கவில்லை. வேலை சீக்கிரம் முடிந்துகொண்டிருந்தது. முடிந்துகொண்டிருக்கும் வேலையைக் கேள்வி கேட்க அவருக்கு என்ன தலையெழுத்து?

பெயிண்ட் அடிப்பதற்கு முன்னால் மூட்டுகளைச் சோதிக்க வெளியிலிருந்து ஓர் இன்ஜினியர் வந்தார். சிவப்புச் சாயத்தை அடித்துத் துடைத்துவிட்டு, மேலே வெள்ளை மருந்தை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாகக் காட்டிக் கொடுத்துவிடும். காலையிலிருந்து ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தார். மற்றவர்கள் அடித்ததில் இரண்டு மூன்று இடங்களில் கோடு வந்தது, தோண்டி மறுபடி அடிக்கச் சொன்னார். தலைக்கு மேல் அடித்த நாற்பத்தொன்றாம் எண் மூட்டுகளில் ஒரு கோடுகூட வரவில்லை. கீழே இறங்கி வந்து, "நாப்பத்தொண்ணு யாருப்பா?" என்று கேட்டார். அண்ணன் முன்னால் வந்து நின்றான். அவர் அவன் தோளில் கை வைத்து, "ரொம்ப நல்ல ஓவர்ஹெட் ஒர்க். நீங்க லெஃப்ட் ஹேண்டா?" என்றார்.

நான் கேபிளைச் சுருட்டிக்கொண்டு, நாலு எட்டு தள்ளி நின்றேன். போர்மேன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் ஒரு மூச்சுக்கூடத் தாமதிக்கவில்லை. "ஆமா சார்" என்றான். இன்ஜினியர் சிரித்து, சோதனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொல்லிப் பேனாவை நீட்டினார். அண்ணனின் வலது கை பழக்கத்தில் பாதி தூரம் நீண்டது, அங்கேயே நின்றது, திரும்பி இடுப்புக்குப் போனது. பிறகு இடது கை வந்து பேனாவை வாங்கியது. ஒரு பெரிய அதிகாரியிடமிருந்து, இத்தனை பேர் முன்னிலையில், என் அண்ணன் பீச்சாங்கையால் பேனா வாங்கினான். என் புறங்கையில் அவன் அடித்த அடி அத்தனையும் ஒரே நேரத்தில் சுரீர் என்றது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்குவதுபோல ஏதோ கிறுக்கிக் கொடுத்தான். இன்ஜினியர் அதைப் பார்க்காமலே அட்டையை மூடிவிட்டார்.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று இதைக் கேட்டவர்கள் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். திறந்தால் என்ன ஆகும்? பாஸாகாத ஓர் அப்ரண்டிஸ் பாரம் தாங்குகிற மூட்டு அடித்திருக்கிறாள் என்று தெரிந்தால், கோடு வராவிட்டாலும் அத்தனையையும் அறுத்துப் போடச் சொல்வார்கள். அண்ணனுக்கு வேலை போகும். எனக்கு டெஸ்ட்டே கிடையாது என்றாகிவிடும். நான் அடித்த நல்ல வேலை அறுபடாமல் இருக்க, நான் வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் பாதுகாப்பு. அன்று பைக்கில் வீட்டுக்கு வரும்போது அண்ணனே பேச்சை எடுத்தான். "நீ வாயத் தொறந்திருந்தா ரெண்டு பேரு பொழப்பும் போயிருக்கும். தெரியும்ல?" என்றான். தெரியும் என்றேன். ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது திரும்பிப் பார்த்து, "ஒனக்கு நம்பர் வாங்கித் தாரது என் பொறுப்பு. டெஸ்ட் வைக்கச் சொல்லி மேனேஜர்ட்ட நான் பேசுறேன். போதுமா?" என்றான். போதும் என்றேன். எனக்கு உண்மையிலேயே போதுமாகத்தான் இருந்தது. கூரை அவன் பேரில் இருந்துவிட்டுப் போகட்டும், இனி அடிக்கப்போவது என் எண்ணில் இருக்கும் என்று சமாதானமாகிவிட்டேன்.

அந்தக் கையெழுத்துக்குப் பிறகு அண்ணனை சூப்பர்வைசர் ஆக்கினார்கள். என் பயிற்சி முடிகிற மாதத்தில் மேனேஜர் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். போர்மேனும் இருந்தார். டெஸ்ட் தகடு எந்த அளவில் கொடுப்பார்கள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டு போனேன். மேனேஜர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அண்ணனைப் பார்த்து, "மேல ஏறி நிக்கிற வேலப்பா. பொம்பளப் பிள்ளைக்கு ஒத்து வருமா? நீ என்ன சொல்ற?" என்று கேட்டார். ஒரு வருஷமாக மேலேயே கிடந்தவள் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறாள். கையுறையில் ஓட்டை, கழுத்தில் பொறி விழுந்த வடு. "அவ ஏறுவா சார்" என்று சொன்னால் போதும். ரகசியம் எதையும் உடைக்க வேண்டியதில்லை, யார் பொழப்பும் போகாது, மூன்று சொல். அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு, "வீட்ல வரன் பாத்துக்கிட்டு இருக்கோம் சார்" என்றான்.

மேனேஜர் நிம்மதியாகச் சிரித்தார். "நல்லதும்மா, பத்திரிகை கொண்டு வந்து குடு" என்றார். போர்மேன் மறுபடி செருப்பைப் பார்த்தார். பயிற்சி முடித்த சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், அதையும் வலது கையால்தான் வாங்கினேன். வெளியே வந்து அண்ணனிடம், "எந்த வரன்?" என்று மட்டும் கேட்டேன். "இன்னிக்கு இல்லாட்டி நாளைக்குப் பாக்கத்தானே போறோம்" என்றான். எனக்கு வரன் பார்க்க ஆரம்பித்தது அதற்கு மூன்று வருஷம் கழித்து. அதற்குள் அவன் கல்யாணம் முடிந்திருந்தது. சூப்பர்வைசர் மாப்பிள்ளை என்று நல்ல இடத்தில் பெண் கொடுத்தார்கள். ஒரே வீட்டிலிருந்து இரண்டு வெல்டர் இருந்தால், இரண்டாவது ஆள் எப்படி அடிக்கிறாள் என்பதை நாலு பேர் கவனிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்று அவன் பயந்தானோ, அல்லது அப்படி எதையுமே நினைக்காமல் வாயில் வந்ததைச் சொன்னானோ, எனக்கு இன்றுவரை தெரியாது. எப்படி இருந்தாலும் வயிறு எரிவது ஒன்றுதான்.

பிறகு கோயம்புத்தூர் வரை போய் வேலை கேட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் ஒரே கேள்வி. எந்தெந்த வேலையில் அடித்திருக்கிறீர்கள், உங்கள் எண் என்ன? ஒரு கல்யாண மண்டபக் கூரையே என் வேலைதான் என்று எப்படிச் சொல்வது? எண் இல்லாத வெல்டர் என்றால் ஜன்னல் கம்பி ஒட்டுகிறவள் என்று அர்த்தம். ஜன்னல் கம்பிதான் ஒட்டினேன். ஒரு கிரில் பட்டறையில் சில வருஷம், பிறகு என் வீட்டுக்காரர் லாரி ஓட்டிச் சேர்த்ததையும் என் நகையையும் போட்டு, தாடிக்கொம்பு ரோட்டில் சொந்தமாக ஒரு பட்டறை. கேட், கிரில், மாடிப்படிக் கைப்பிடி. யாரிடமும் கை நீட்டாமல் பிழைக்கிறேன், குறை சொல்ல முடியாது. ஆனால் கைப்பிடிச் சுவருக்கு மேல் ஏறுகிற வேலை இந்தக் கைக்கு அப்புறம் வரவேயில்லை. அம்மா என்னோடுதான் இருக்கிறாள். அண்ணன் வீட்டில் மாடிப்படி ஏற முடியவில்லையாம்.

போன மாதம் அண்ணன் மகள் சடங்கு. அவன் இப்போது சொந்தமாகக் காண்ட்ராக்ட் எடுக்கிறான், ஊரில் நாலு பேர் அண்ணே என்கிறார்கள். விசேஷத்தை அதே மண்டபத்தில்தான் வைத்தான். நான் அத்தை முறைக்குச் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போனேன். திறந்த பிறகு அந்த மண்டபத்துக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. பத்திரிகை வந்தால்கூட ஏதாவது சாக்குச் சொல்லித் தட்டிக்கழித்திருக்கிறேன். மாடிப்படியில் திரும்பும்போது தலையை நிமிர்த்தாமல் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன், முடியவில்லை. அந்த முதல் மூலை மூட்டு கை எட்டுகிற உயரத்தில் இருந்தது. மேலே வெள்ளிப் பெயிண்ட் பூசியிருந்தார்கள், அதற்கடியில் செதில் செதிலாக என் தையல், அது பார்க்க வேண்டிய பக்கம் பார்த்துக்கொண்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் நாற்பத்தொன்று.

பந்தியில் பரிமாற ஆள் குறைவு என்று, படி ஓரத்து வரிசைக்கு நானும் சாம்பார் வாளியைத் தூக்கினேன். அப்போது அண்ணன் தன் மச்சினர்களை அழைத்துக்கொண்டு அந்தப் படித் திருப்பத்துக்கு வந்தான். பட்டு வேட்டி, கழுத்தில் செயின். நிமிர்ந்து கையைக் காட்டி, "இந்தக் கூர பூராம் நான் அடிச்ச வெல்டிங், மாப்ள. இந்தா பாருங்க, என் நம்பரு. அம்புட்டு மூட்டும் சோதன பண்ணாக, ஒரு சொட்டு கோளாறு சொல்ல முடியல" என்றான். அவன் முகத்தையே பார்த்தேன். பொய் சொல்கிறவன் என்னைப் பார்த்ததும் ஒரு நொடியாவது கண்ணைத் தாழ்த்தியிருப்பான். இவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். நானும் அந்தப் பெருமையில் பங்கெடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோலச் சிரித்தான். அவனுக்கு அது மறந்தே போயிருந்தது. சாரத்தில் மல்லாந்து கிடந்தது அவன்தான் என்று அவனே நம்பிவிட்டான். திருடியது தெரிந்தவனிடம் ஒரு நாள் திருப்பிக் கேட்கலாம். இவனிடம் என்ன கேட்பது?

இருந்தும் கேட்டேன். வாளியைக் கீழே வைக்காமலே, "அண்ணே, எந்தக் கையால அடிச்ச?" என்றேன். மச்சினர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அண்ணன் வலது கையைத் தூக்கி, மோதிரங்கள் மின்ன விரித்துக் காட்டினான். "இந்தக் கைதான். வேற எந்தக் கை? என்ன கேள்வி கேக்குது பாருங்க" என்று சிரித்தான். எல்லோரும் சிரித்தார்கள். தலைக்கு மேலே அத்தனை செதிலும் இல்லை இல்லை என்று எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன, அதைப் படிக்கத் தெரிந்தவள் அங்கே நான் ஒருத்திதான். சிரிப்பு அடங்கும்போது அண்ணனின் கண் என் கரண்டியில் விழுந்தது. கிட்டே வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏ புள்ள, சம்மந்தக்காரவுக இருக்காக. பீச்சாங்கையால பரிமாறாத. வலக்கைக்கு மாத்து" என்றான்.

மாற்றினேன். பிள்ளையின் விசேஷ நாள், வேறென்ன செய்வது. வலது கையில் கரண்டி ஆடி, யாரோ ஒருவருடைய இலைக்கு வெளியே சாம்பார் வழிந்தது.

மறுநாள் காலை பட்டறையைத் திறந்ததும் முதல் வேலையாக அந்தப் பிஸ்கட் டப்பாவைக் கவிழ்த்தேன். ஒரு கழிவுத் தகட்டை எடுத்துப் போட்டு, பஞ்சை நிறுத்தி, இடது கையில் சுத்தியலைப் பிடித்து ஓங்கி அடித்தேன். நான்கு. பக்கத்தில் ஒன்று. சத்தம் கேட்டு அம்மா வீட்டுக்குள்ளிருந்து மெல்ல நடந்து வந்தாள். அவளுக்கு இப்போது கண் மங்கல், எதையும் தடவித்தான் பார்ப்பாள். தகட்டை எடுத்து, பதிந்த எண்ணின் மேல் விரலை ஓட்டினாள். ஒரு காலத்தில் வெற்றிலையில் வைத்துக் கும்பிட்ட எண், அது அவள் விரலுக்குத் தெரியாதா? முகம் மலர்ந்துவிட்டது. "எம்புள்ள நம்பருல்ல. எம்புட்டு அழுத்தமா அடிச்சிருக்கான் பாரு" என்றாள்.

"நான் அடிச்சதும்மா" என்றேன். இத்தனை வருஷத்தில் இதை நான் வீட்டில் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. இந்தத் தகட்டை மட்டும் சொல்லவில்லை. அந்தக் கூரையை, உருளைக்கிழங்கு வில்லைகளை, எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அம்மா தகட்டைத் தன் சேலையில் துடைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள். "நீ அடிச்சா என்ன ஆத்தா, அவன் அடிச்சா என்ன. நம்பரு அவனோடதுதான" என்றாள்.

பஞ்ச் இரண்டையும் டப்பாவில் போட்டேன். மத்தியானத்துக்குள் ஒரு கேட் முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.